புனித வெள்ளி நீண்ட வார இறுதி: ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோர், இரண்டு பிள்ளைகள், மூன்று நாள். திட்டத்தைத் திருத்தித் தாருங்கள்

#1 செங்காங்_நிழல்

வணக்கம். இந்த ஆண்டு (2026) புனித வெள்ளி ஏப்ரல் 3. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் வீட்டில் எல்லாருக்கும் விடுமுறை. கும்பகோணத்திலிருந்து அப்பா, அம்மா சிங்கப்பூருக்கு வந்திருக்கிறார்கள். அப்பாவுக்கு 68 வயது, நன்றாக நடப்பார். அம்மாவுக்கு முழங்கால் வலி. சமதரையில் ஒரு கிலோமீட்டர் நடப்பார், படியென்றால் இருபதோடு நின்றுவிடுவார். சுத்த சைவம். பிள்ளைகளுக்கு வயது 9, 5. கார் இல்லை. மரினா பே, செந்தோசா, சாங்கி ஜுவல் எல்லாம் முதல் வாரத்திலேயே காட்டியாயிற்று.

இப்போதைக்கு எழுதி வைத்திருப்பது:
வெள்ளி: காலை பத்து மணி வாக்கில் புலாவ் உபின் தீவு, அங்கே செக் ஜாவா கடலோரச் சதுப்புநிலம்.
சனி: மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மெக்ரிட்சி காட்டில் தொங்குபாலம்.
ஞாயிறு: மண்டாய் விலங்குத் தோட்டம். மாலையில் லிட்டில் இந்தியா கோயில்கள்.

எதை மாற்றலாம்?

#2 கடல்மட்டம்

இடங்கள் நல்ல இடங்கள்தான், ஆனால் மூன்றும் தப்பான நேரத்தில் விழுந்திருக்கின்றன. சிங்கப்பூரில் ஏப்ரல் மாத வெளிப்பயணத்தை நிலா, இடி, வெயில் இந்த மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும்.

முதலில் நிலா. ஈஸ்டர் கணக்கே பௌர்ணமியை வைத்துத்தான். அதனால் புனித வெள்ளி எந்த ஆண்டும் பௌர்ணமியை ஒட்டியே வரும். இந்த ஆண்டு ஏப்ரல் 2 பௌர்ணமி, மறுநாள் விடுமுறை தொடங்குகிறது. பௌர்ணமிக்கு அடுத்த இரண்டு மூன்று நாளில் கடல் ஏறுவதும் அதிகம், வற்றுவதும் அதிகம். நம் கரையில் அந்த நாள்களில் கடல் வற்றுவது விடியற்காலையிலும் சாயங்காலத்திலும். நடுப்பகலை ஒட்டி நீர் ஏறி நிற்கும். அதாவது வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் படகேறி, பதினொன்றரைக்குச் செக் ஜாவாவில் நின்றால், மரப்பாலத்துக்கு அடியில் வெறும் தண்ணீரைத்தான் பார்ப்பீர்கள். நண்டும் இல்லை, நட்சத்திர மீனும் இல்லை. "ஒன்றுமே இல்லையே" என்று திரும்பி வருகிறவர்களில் பாதிப் பேர் இப்படி ஏற்றத்தில் போனவர்கள்.

வற்றும் நேரம் நாளுக்கு ஏறத்தாழ முக்கால் மணி தள்ளிப்போகும். செக் ஜாவா திறப்பதோ காலை 8.30க்கு. ஆகவே மூன்று நாளில் ஞாயிற்றுக்கிழமை காலைதான் வற்றுக்கு மிகக் கிட்டே வரும். தேசிய சுற்றுப்புற வாரியத்தின் ஓத அட்டவணையில் (கடல் ஏறி வற்றும் நேரப் பட்டியல்) அன்றைய நேரத்தையும் உயரத்தையும் பாருங்கள். 0.5 மீட்டர் அல்லது அதற்குக் கீழே என்றால் தரை நன்றாகத் தெரியும்.

அடுத்தது இடி. மார்ச் கடைசியிலிருந்து மே வரை இரண்டு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட காலம். காலை முழுக்க வெயில் கொளுத்தும், சூடேறிய காற்று மேலே போய் மேகமாகி, பிற்பகல் இரண்டிலிருந்து ஆறுக்குள் மின்னலோடு கொட்டும். சனிக்கிழமை மதியம் காட்டுக்குள் போவது அந்த நேரத்தைத் தேடிப்போய் மாட்டிக்கொள்வதுதான். வெயில் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரைதான் இங்கே புற ஊதாக் கதிர் ஆண்டிலேயே உச்சம். நண்பகலில் குறியீடு 11ஐத் தொடும். பதினொன்று முதல் மூன்று வரை கூரைக்குக் கீழே இருக்கிற மாதிரி எதையாவது வையுங்கள்.

இந்த வாரத்தில் சூரிய உதயம் காலை 7.05 சுமாருக்கு, மறைவு இரவு 7.10 தாண்டி. காலை ஏழு முதல் பத்தரை, மாலை ஐந்து முதல் ஏழரை. உங்கள் கையில் இருப்பது இந்த இரண்டு துண்டு நேரம்தான்.

#3 சாங்கி_சைக்கிள்

உபின் பற்றி நான் சொல்கிறேன்.

தானா மேரா எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து 2ஆம் எண் பேருந்து, கடைசி நிறுத்தம் சாங்கி வில்லேஜ். தெம்பனீஸிலிருந்து 29. இறங்கி உணவங்காடி நிலையத்தைத் தாண்டி இரண்டு நிமிடம் நடந்தால் சாங்கி பாயிண்ட் படகுத்துறை. படகுக்கு நேர அட்டவணை கிடையாது. 12 பேர் சேர்ந்தால் கிளம்பும். தலைக்கு 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ரொக்கமாக. சைக்கிள் கொண்டுபோனால் கூடுதலாக 2 வெள்ளி. விடுமுறை நாளில் ஏழரை மணிக்கே 12 பேர் சேர்ந்துவிடுவார்கள். ஒன்பதரைக்கு மேல் வரிசை படிக்கட்டு வரை நிற்கும். திரும்பும்போது மாலை நாலரை முதல் ஆறு வரை அந்தப் பக்கம் இதே கதை. கூட்டமே இல்லாத நேரத்தில் நாலைந்து பேர் மட்டும் இருந்தால், மொத்தப் படகுக்கான 48 வெள்ளியைப் பங்கு போட்டுக் கொடுத்தால் உடனே எடுப்பார்கள்.

படகில் 10, 15 நிமிடம். இறங்கியதும் சைக்கிள் கடைகள். கடைக்காரர் தள்ளிக்கொடுக்கும் முதல் வண்டியை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். இதையெல்லாம் அங்கேயே பாருங்கள்:

பிரேக். இரண்டு பிரேக் பிடியையும் தனித்தனியாக இறுக்கி வண்டியை முன்னே தள்ளுங்கள். பின்பிரேக் பிடித்தால் பின்சக்கரம் தரையில் இழுபட வேண்டும், உருளக் கூடாது. பிரேக் பிடி முழுதாகக் கைப்பிடிக் குழாயைத் தொட்டுவிட்டால் கம்பி தளர்ந்திருக்கிறது, வேறு வண்டி கேளுங்கள்.
சீட். உட்கார்ந்து மிதியைக் கீழே விட்டால் முட்டி லேசாக மட்டும் மடங்க வேண்டும். தாழ்வாக வைத்துக்கொண்டு மிதித்தால் அப்பாவுக்கு அரை மணியில் தொடை பிடித்துக்கொள்ளும்.
கியர். நின்ற இடத்திலேயே பின்சக்கரத்தைத் தூக்கி மிதியைச் சுற்றி எல்லாக் கியரும் விழுகிறதா பாருங்கள். சங்கிலி கழல்வது பெரும்பாலும் மேட்டில், பாரத்தோடு கியர் மாற்றும்போது. மேடு வருவதற்கு முன்னாலேயே மாற்றிவிட வேண்டும்.
பூட்டு. செக் ஜாவா வாசலில் வண்டியை விட்டுவிட்டுத்தான் உள்ளே போக முடியும். பூட்டும் சாவியும் கேட்டு வாங்குங்கள். வண்டி எண்ணைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், வாசலில் நூறு வண்டி ஒரே நிறத்தில் நிற்கும்.

ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பின்னால் உட்காரும் இருக்கை கேளுங்கள், பெல்ட் உள்ளதாக. கால் சக்கரக் கம்பியில் மாட்டாமல் தடுப்பு இருக்கிறதா பார்க்க வேண்டும். ஒன்பது வயசுப் பிள்ளை தனி வண்டி ஓட்டலாம், ஆனால் செக் ஜாவா போகும் வழியில் கடைசிப் பகுதி சரளை மண், இறக்கம். விழுகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் விழுகிறார்கள். காரணம் ஒன்றே: இறக்கத்தில் முன்பிரேக்கை மட்டும் பிடித்து அழுத்துவது. சரளையில் முன்சக்கரம் வழுக்கும். இறக்கத்தின் தலையிலேயே இறங்கித் தள்ளிக்கொண்டு போகச் சொல்லுங்கள். அதில் ஒரு வெட்கமும் இல்லை.

படகுத்துறையிலிருந்து செக் ஜாவா 3 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. சைக்கிளில் அரை மணி, நடந்தால் முக்கால் மணிக்கு மேல். காலை 8.30 முதல் மாலை 6 வரை திறந்திருக்கும், கட்டணம் இல்லை. மரப்பாலம் மொத்தம் 1 கிலோமீட்டர் சொச்சம். ஒரு சுற்று கடலோரம், ஒரு சுற்று சதுப்புக் காட்டுக்குள். முதலில் கடலோரச் சுற்று, நீர் ஏறுவதற்குள். காட்டுச் சுற்றை ஏற்றத்திலும் பார்க்கலாம். பராமரிப்புக்காக எப்போதாவது ஒரு பகுதியை மூடுவார்கள். கிளம்புவதற்கு முந்தைய நாள் தேசிய பூங்காக் கழகத்தின் இணையப் பக்கத்தில் பார்த்துவிடுங்கள்.

சேற்றில் ஒரு பக்கக் கொடுக்கு மட்டும் உடம்பளவு பெரிதாக இருக்கும் சிறு நண்டுகள் இருக்கும். அது ஆண். பெண் நண்டுக்கு இரண்டும் சின்னவை. பாலத்தில் அதிர நடந்தால் எல்லாம் ஒரே நொடியில் வளைக்குள் போய்விடும். இரண்டு நிமிடம் அசையாமல் நின்றால் ஒவ்வொன்றாக வெளியே வந்து கொடுக்கை ஆட்டத் தொடங்கும். பிள்ளைகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். காட்டுச் சுற்றில் தண்ணீருக்குள்ளிருந்து நேராக ஓலை கிளம்பும் பனை ஒன்று தெரியும், தண்டே வெளியே தெரியாது. அதுதான் நிப்பா. ஐஸ் கச்சாங் என்ற துருவிய பனிக்கட்டி இனிப்பில் வெள்ளையாக, வழுவழுவென்று கிடக்குமே அத்தாப் சீ, அது இதன் காய்க்குள் இருக்கும் பருப்பு. வாசலுக்குப் பக்கத்தில் 1930களில் கட்டிய ஆங்கிலேய பாணி வீடு ஒன்று உண்டு. அதில் குளிர்காயும் கணப்பு கட்டியிருக்கிறார்கள், பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில். அப்பா ரசிப்பார்.

#4 செங்காங்_நிழல்

மிக்க நன்றி அண்ணா. ஞாயிறு காலைக்கு மாற்றிவிடுகிறேன். அம்மாவைப் படகில் ஏற்ற முடியுமா? தீவில் வேன் ஓடுவதாகக் கேள்விப்பட்டேன்.

#5 சாங்கி_சைக்கிள்

வேன் இருக்கிறது. துறை வாசலில் நிற்கும். போக வர எவ்வளவு, எத்தனை மணிக்குத் திரும்ப வந்து ஏற்றுவார் என்பதை ஏறுமுன் பேசி, ஓட்டுநர் எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பக்கம் வெயிலில் நிற்க நேரும்.

சிக்கல் வேனில் இல்லை தங்கச்சி, படகில். துறையிலிருந்து படகின் விளிம்பில் கால் வைத்து உள்ளே இறங்க வேண்டும். சரிவுப்பலகை கிடையாது, படகு ஆடிக்கொண்டே இருக்கும். முட்டி மடங்காதவர்களுக்கு அந்த ஓர் அடிதான் ஆபத்து. வற்று நேரத்தில் படகு இன்னும் தாழ்ந்து நிற்கும். எனக்குக் கேட்டால் அம்மாவை வேறெங்காவது கூட்டிப்போங்கள். அப்பாவும் பெரிய பிள்ளையும் ஒரு பெரியவரும் உபின் போகட்டும்.

#6 கடல்மட்டம்

அண்ணன் சொல்வதே சரி. அம்மாவுக்கும் கடல் வற்றுவதைக் காட்ட வேண்டுமென்றால் படகே வேண்டாம். படகுத்துறைக்குப் பக்கத்திலேயே சாங்கி கடற்கரைப் பூங்கா. ஞாயிறு காலை ஆறரைக்கு அங்கே இருங்கள். அந்நேரத்துக்கு ரயிலை நம்ப முடியாது, ஞாயிறு முதல் ரயில் கொஞ்சம் தாமதம். டாக்சியில் போய்விடுங்கள். வெளிச்சம் வரும் வரை ஒரு டார்ச். அம்மா மணலோரம் பெஞ்சில் உட்காரலாம், மற்றவர்கள் ஈர மணலில் இறங்கிப் பார்க்கலாம். எட்டு மணிக்கு உபின் போகிறவர்கள் படகுத்துறைக்கு நடக்கலாம், அம்மாவும் சின்னவரும் சாங்கி வில்லேஜில் காப்பி குடித்துவிட்டு வீடு திரும்பலாம்.

வற்றிய கரையில் செருப்போடு இறங்கக் கூடாது. குதிகாலும் விரலும் மூடிய ஷூ, தடித்த அடிப்பாகம். கல்மீன் என்று ஒன்று உண்டு. கல்லைப் போலவே அசையாமல் கிடக்கும், முதுகு முள்ளில் விஷம். திருக்கை மணலுக்குள் புதைந்திருக்கும். பாதத்தைத் தூக்கி வைக்காமல் மணலோடு தேய்த்தபடி நடந்தால் திருக்கை முன்பே விலகிவிடும். முள் தைத்துவிட்டால் தாங்கக்கூடிய அளவு சுடுநீரில் காலை வைக்க வேண்டும், அந்த விஷம் சூட்டில் வலுவிழக்கும். வைத்தபடியே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதனால் ஒரு ஃபிளாஸ்க் சுடுநீர் கையில் இருக்கட்டும், தேவைப்படாவிட்டால் அம்மாவுக்குக் காப்பி கலக்க உதவும். தோலில் கொப்பளிக்காத சூடா என்று பாதிக்கப்படாத கையை விட்டுப் பார்த்த பிறகே காலை வைக்க வேண்டும்.

எதையும் எடுத்து வாளியில் போடாதீர்கள். கல்லைப் புரட்டினால் மெதுவாகத் திரும்ப அப்படியே வையுங்கள். அடியில் ஒட்டியிருப்பவை வெயில் பட்டால் செத்துப்போகும்.

#7 மெக்ரிட்சிநடை

தொங்குபாலம் பற்றி. 250 மீட்டர் நீளம், காட்டுத் தரையிலிருந்து அதிகபட்ச உயரம் 25 மீட்டர், ஒருவழிதான். சனி, ஞாயிறு, பொது விடுமுறைகளில் காலை 8.30க்குத் திறப்பார்கள், மாலை 5க்கு மூடுவார்கள். திங்கள் மூடல். மழையோ மின்னலோ வந்தால் பாலத்தை மூடிவிடுவார்கள். இரண்டரை கிலோமீட்டர் நடந்து போய் மூடிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புவது மதியம் கிளம்பியவர்களின் தலையெழுத்து.

வீனஸ் டிரைவ் வாகன நிறுத்தத்திலிருந்து போய்ச் சுற்றி வர ஏறத்தாழ 7 கிலோமீட்டர், நடுவில் மேடு, வேர், படிக்கட்டு. பாலத்தைக் கடந்த பிறகு இறங்கும் படிகள்தான் முட்டியைப் பதம் பார்க்கும். அம்மாவுக்கு நிச்சயம் வேண்டாம். ஐந்து வயதுப் பிள்ளை நாலாவது கிலோமீட்டரில் தூக்கச் சொல்லும். அப்பாவும் ஒன்பது வயசுப் பிள்ளையும் போகலாம். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், காலை 7.30க்கு நடையைத் தொடங்கினால் பாலம் திறக்கும் நேரத்துக்குச் சரியாக வாசலில் நிற்கலாம். பத்தரைக்குள் வெளியே.

குரங்குகள். பிளாஸ்டிக் பையைக் கண்டால் அதற்குச் சாப்பாடு என்றுதான் அர்த்தம். எல்லாவற்றையும் ஜிப் போட்ட முதுகுப்பைக்குள் வையுங்கள். கையில் பாட்டில் கூட வேண்டாம். பார்த்துப் பல்லைக் காட்டிச் சிரிக்கக் கூடாது என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள், அது சண்டைக்கு அழைப்பதாக எடுத்துக்கொள்ளும். வாழைப்பழம் நீட்டுவது ஊரில் புண்ணியம், இங்கே குற்றம். வனவிலங்குக்கு உணவூட்டினால் முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம். ஊரிலிருந்து வருகிறவர்களிடம் இதைக் காட்டுக்குள் போகுமுன் சொல்லிவிட வேண்டும்.

மின்னல் கணக்கு: மின்னியதிலிருந்து இடி கேட்கும் வரை எண்ணுங்கள். முப்பது நொடிக்குள் கேட்டால் உடனே கூரைக்குக் கீழே. கடைசி இடிக்குப் பிறகு அரை மணி பொறுத்துத்தான் வெளியே. மரத்தடி கூரை ஆகாது.

#8 ஃபேபர்மலை

குடும்பத்தைப் பிரிக்காமல் எல்லாரும் சேர்ந்து மரங்களுக்கு மேலே நடக்க வேண்டுமென்றால் மெக்ரிட்சியை விட்டுவிட்டுத் தெற்கு மலைத்தொடருக்கு வாருங்கள். ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலம் 274 மீட்டர், சாலையிலிருந்து 36 மீட்டர் உயரம், 2008இல் திறந்தார்கள். பாலாவ் மரப்பலகை பரப்பி அலையாக வளைத்திருக்கிறார்கள், வளைவுக்கு உள்ளேயே உட்கார இடம்.

எல்லாரும் செய்யும் தப்பு ஹார்பர்ஃபிரண்ட் எம்ஆர்டியில் இறங்கி மராங் பாதையில் ஏறுவது. 800 மீட்டர்தான், ஆனால் முழுக்கப் படி. அம்மாவோடு போனால் டாக்சியில் மேலே ஃபேபர் மலைப் பூங்கா வரை போய்விடுங்கள். அங்கிருந்து பாலத்தைப் பார்த்துவிட்டு அதே வழியில் திரும்பலாம். அப்பாவும் பிள்ளைகளும் பாலத்தைத் தாண்டி, தெலுக் பிளாங்கா மலையைக் கடந்து, 1.3 கிலோமீட்டர் உயர்நடைபாதையில் அலெக்சாண்ட்ரா ஆர்ச் வரை போய் இறங்கட்டும். அந்த உயர்நடைபாதை இரும்பு வலைத் தட்டு. கீழே காடு அப்படியே தெரியும். உயரம் பயப்படுகிறவர்கள் கண்ணை நேரே வைத்து நடக்க வேண்டும், மெல்லிய குதிகால் செருப்பு ஓட்டைக்குள் மாட்டும்.

மாலை 5.30க்குத் தொடங்கினால் வெயில் சாய்ந்திருக்கும், இருட்டியதும் பாலத்தில் விளக்கு எரியும். ஆனால் மழை பெய்து முடிந்த மாலையாக இருந்தால் பலகை வழுக்கும், வலைத் தட்டு அவ்வளவு வழுக்காது.

#9 மெக்ரிட்சிநடை

அலெக்சாண்ட்ரா பக்கம் அழகுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அது நட்டு வளர்த்த மலைப்பூங்கா, மெக்ரிட்சியில் நிற்பது காடு. ஊரிலிருந்து வந்த பெரியவருக்கு இந்த நகரத்தின் நடுவில் இப்படியொரு காடு இருக்கிறதென்று காட்டாமல் அனுப்பாதீர்கள். இரண்டையும் செய்ய நேரம் இருக்கிறது, சனி காலை அது, வெள்ளி மாலை இது.

#10 ஈசூன்வாசி

மண்டாய் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஞாயிறு ஏப்ரல் 5 சிங் மிங். சீனர்கள் முன்னோர் நினைவிடங்களுக்குப் போகும் நாள். மண்டாய் சாலையில்தான் அஸ்தி மாடங்கள் இருக்கின்றன, விலங்குத் தோட்டத்துக்குத் திரும்பும் வழியும் அதே சாலை. அதற்கு முன்னும் பின்னும் உள்ள வார இறுதிகளில் விடியலிலிருந்து நண்பகல் வரை அங்கே வண்டி நகராது. சுவா சூ காங் மயான வட்டாரமும், பிஷானில் பிரைட் ஹில் பக்கமும் அப்படித்தான். விலங்குத் தோட்டத்தை வேறொரு வாரத்துக்கு, முடிந்தால் வேலைநாளுக்குத் தள்ளுங்கள்.

பௌர்ணமி என்றதும் நமக்கு இன்னொன்று: பங்குனி உத்திரம். அதுவும் இதே வாரத்தையொட்டித்தான் வரும். ஈசூனில் புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் கோயிலில் காவடியோடு நடக்கும். அம்மா முருக பக்தை என்றால் கோயில் அறிவிப்பைப் பார்த்து நாளை உறுதி செய்துகொள்ளுங்கள். அன்றைக்குத் தொழிற்பேட்டைச் சாலைகளில் சில மூடியிருக்கும், காலணி வைக்குமிடம் தூரமாக இருக்கும், வெறுங்காலோடு தார்ச்சாலை நண்பகலில் சுடும். அம்மாவை விடியலில் கூட்டிப்போங்கள்.

கோயில்களைப் பொதுவாக மாலையில் வைத்தது சரி. பெரும்பாலும் நண்பகலில் நடை சாத்தி, மாலை ஐந்தரை ஆறுக்கு மேல்தான் திறப்பார்கள். சிராங்கூன் சாலையில் வரிசையைத் தலைகீழாக வையுங்கள்: முதலில் ஃபேரர் பார்க் எம்ஆர்டியில் இறங்கி ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயில். 1855இல் தொடங்கியது, தைப்பூசக் காவடி இங்கிருந்துதான் புறப்படும். அப்படியே சாலையோடு தெற்கே நடந்தால் வீரமாகாளியம்மன், பிறகு தேக்கா சந்தை, அங்கே ரயில் நிலையம். எல்லாம் சமதரை. ஆனால் ஞாயிறு மாலை வேண்டாம். தீவு முழுவதிலிருந்தும் நம் ஊழியர் சகோதரர்கள் கூடும் ஒரே ஓய்வு மாலை அது. நடைபாதையில் தோள் இடிக்கும், அம்மாவுக்குக் கஷ்டம். வெள்ளி அல்லது சனி மாலை போங்கள்.

சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் இந்தத் தீவிலேயே பழைய இந்துக் கோயில், 1827. அது சைனாடவுனில் இருப்பதால் தனியாக ஒரு காலை வேண்டும்.

#11 ஜூரோங்_ஏரி

அம்மாவுக்கு ஒரு முழுக் காலை வேண்டுமென்றால் ஜூரோங் லேக் கார்டன்ஸ். சைனீஸ் கார்டன் எம்ஆர்டியிலிருந்து நேரே நடந்து போகலாம், கட்டணம் இல்லை, சமதரை, நிழலில் பெஞ்சுகள். சீன, ஜப்பானியத் தோட்டங்களைப் புதுப்பித்து 2024 செப்டம்பரில் மீண்டும் திறந்தார்கள். பிள்ளைகளுக்கு கிளூசியா கோவ் என்ற நீர் விளையாட்டு இடம். மணலும் அலையும் கரையோரம் போலவே செய்திருக்கிறார்கள். மாற்றுத்துணி, துண்டு, குப்பை போட ஒரு பை. இடி எச்சரிக்கை வந்தால் தண்ணீரை விட்டு வெளியேறச் சொல்வார்கள், அதனால் காலையிலேயே.

#12 தேக்காமுனை

எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூர் போகலாமா என்று யாராவது உங்களைக் கேட்டிருப்பார்கள். இந்த வார இறுதியில் வேண்டாம். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் மணிக்கணக்கில் நிற்க வேண்டியிருக்கும், கழிப்பறைக்குக் கூட வழியில்லை. அதோடு இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் பெற்றோருக்குச் சிங்கப்பூர் விசா ஒருமுறை நுழைவா, பலமுறை நுழைவா என்று பாருங்கள். ஒருமுறை என்றால் போனவர் திரும்பி உள்ளே வர முடியாது.

ரயில், பேருந்துக்கு அப்பாவின் இந்திய வங்கி அட்டையைத் தட்டலாம், விசாவோ மாஸ்டர்கார்டோ தொடாமல் செலுத்தும் அட்டையாக இருந்தால். வெளிநாட்டு அட்டைக்கு, பயன்படுத்தும் நாளொன்றுக்குச் சிறு நிர்வாகக் கட்டணம் சேரும். ஓர் அட்டையில் ஒருவர்தான். அப்பா தட்டிவிட்டு அதையே அம்மாவிடம் கொடுக்கக் கூடாது. போனில் அதே அட்டையை வைத்திருந்தாலும் போன் வேறு, அட்டை வேறு. ஏறும்போது எதைத் தட்டினாரோ இறங்கும்போதும் அதையே தட்ட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டிலும் அதிகபட்சக் கட்டணம் பிடிப்பார்கள். இரண்டு நாளுக்கு மேல் பயணம் என்றால் பெரியவர்களுக்குத் தனித்தனி ஈஸி-லிங்க் பயண அட்டை வாங்கிவிடுவது நிம்மதி.

#13 கட்டுச்சோறு

உபினில் சைவச் சாப்பாட்டை நம்பிப் போக வேண்டாம். இளநீர் கிடைக்கும், சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள்.

புளிசாதம்தான் சரி. நல்லெண்ணெய் தாராளமாக, சாதத்தை உதிராக வடித்துப் பரப்பி முழுசாக ஆறிய பிறகே புளிக்காய்ச்சலைக் கலக்க வேண்டும். சூட்டோடு கலந்து டப்பாவை மூடினால் மூடியில் வேர்க்கும், அந்தத் தண்ணீர் விழுந்த இடம்தான் முதலில் ஊசிப்போகும். தயிர்சாதம் எடுப்பதாக இருந்தால் ஒரு கப் சாதத்துக்கு ஒன்றரை கப் காய்ச்சி ஆறவைத்த பால், உறைக்கு இரண்டு ஸ்பூன் தயிர் மட்டும். நிறையத் தயிர் ஊற்றினால் பத்து மணிக்கே புளித்துவிடும். இங்கே 32, 33 டிகிரியில் எதையும் நான்கு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். தண்ணீர் போத்தல் ஒன்றை முக்கால்வாசி நிரப்பி முந்தைய இரவே உறைய வைத்து டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தால் சாப்பாடும் தாங்கும், மதியம் குளிர்ந்த தண்ணீரும் ஆயிற்று. முழுக்க நிரப்பி உறைய வைத்தால் போத்தல் வெடிக்கும்.

துறை பக்கத்தில் காட்டுப்பன்றி வரும். சாப்பிடும் பையைத் தரையில் வைக்காதீர்கள்.

#14 பூவரசு

ஒரு சின்ன விஷயம். வசந்தம் இங்கே இல்லை என்பார்கள், ஆனால் மார்ச், ஏப்ரலில் ட்ரம்பெட் மரங்கள் பூக்கும். சில நாள் வறண்ட வெயில், பிறகு ஒரு பெருமழை, அடுத்த சில நாளில் மரம் முழுக்க இளஞ்சிவப்பும் வெள்ளையும். பூத்த பூ ஓரிரு நாளில் உதிர்ந்து நடைபாதையை மூடும். எந்தப் பேட்டையில் என்று தேடிப்போக வேண்டியதில்லை, இரண்டடுக்குப் பேருந்தின் மேல்தட்டில் முன் இருக்கையில் பெற்றோரை உட்கார வைத்தால் விரைவுச்சாலை ஓரங்களில் அவர்களே கண்டுபிடிப்பார்கள். அம்மாவை மாடிப்படி ஏற்ற வேண்டாம் என்றால் கீழ்த்தட்டு ஜன்னலோரம்.

#15 செங்காங்_நிழல்

எல்லாருக்கும் நன்றி. திருத்திய திட்டம்:

வெள்ளி: காலை ஜூரோங் லேக் கார்டன்ஸ், எல்லாரும். மதியம் வீட்டில். மாலை 5.30 ஹெண்டர்சன் வேவ்ஸ்.
சனி: காலை 7.30 மெக்ரிட்சி, அப்பாவும் பெரியவனும் கணவரும். அம்மா, சின்னவளோடு நான் வீட்டில். மாலை பெருமாள் கோயில், வீரமாகாளியம்மன், தேக்கா.
ஞாயிறு: காலை 6.30 சாங்கி கடற்கரை. 8 மணிக்கு மூவர் உபின்.

ஒரு சந்தேகம். ஞாயிறு விடியலில் மழை வந்தால்?

#16 கடல்மட்டம்

விடியலில் வரும் மழை பிற்பகல் இடிமழை மாதிரி இல்லை தங்கச்சி. ஏப்ரலிலிருந்து சுமத்ராவிலிருந்து கிளம்பும் காற்றுமழை வரிசை மலாக்கா நீரிணையைத் தாண்டி இரவின் பின்பாதியிலோ காலையிலோ தீவைக் கடக்கும். மேற்கே தொடங்கிக் கிழக்கே போகும். மழை ரேடாரில் மேலிருந்து கீழாக வில் போல நீண்ட சிவப்புக் கோடு தெரிந்தால் அதுதான். காற்று பலமாக அடிக்கும், படகை நிறுத்திவைப்பார்கள், ஆனால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் கடந்துவிடும். அதன்பின் காலை குளிர்ச்சியாக இருக்கும்.

ஆகவே ஞாயிறு ஐந்தேமுக்காலுக்கு ரேடாரைப் பாருங்கள். கோடு ஜூரோங்குக்கு மேற்கே இருந்தால் கடற்கரையை விட்டுவிடுங்கள், கடந்த பிறகு நேரே ஒன்பது மணி வாக்கில் படகுக்குப் போங்கள். கோடு சாங்கியைத் தாண்டிக் கிழக்கே போயிருந்தால் டாக்சியைக் கூப்பிடுங்கள்.

#17 சாங்கி_சைக்கிள்

ஒன்பது மணி வாக்கில் படகேறுவதென்றால் முதலில் கடலோரச் சுற்று என்று சொன்னதை மறந்துவிடாதீர்கள், நீர் வேகமாக ஏறிக்கொண்டிருக்கும். மழைக்குப் பிறகு சரளை இறக்கத்தில் எல்லாருமே இறங்கித் தள்ளுங்கள், அப்பாவும்தான். சேறு பிடித்த பிரேக் கட்டை பிடிக்காது. சைக்கிள் கடையில் பழைய துணி ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டால் செக் ஜாவா வாசலில் சக்கர விளிம்பையும் கட்டையையும் துடைத்துவிட்டுத் திரும்பலாம்.